நான்களைக் கணக்கெடுத்தவர்கள்

1911இல் ஆய்கென் ப்ளாய்லர் ஒரு கனத்த ஜெர்மன் புத்தகத்தை வெளியிட்டார். ஸூரிச் நகரின் பர்க்ஹோல்ஸ்லி மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தவர். நோயாளிகளோடு வருஷக்கணக்காகப் பழகி, அவர்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். அந்தப் புத்தகத்தை இன்று முழுக்கப் படிப்பவர்கள் குறைவு. ஆனால் அதிலிருந்து இரண்டு சொற்கள் வெளியேறி உலகம் முழுக்கப் பரவிவிட்டன. ஒன்று ஸ்கிஸோஃப்ரீனியா. 1908இல் பெர்லினில் நிகழ்த்திய உரையில் அவர் முன்வைத்த இந்தச் சொல், இப்புத்தகத்தில்தான் முழு உருவம் பெற்றது. மற்றது ஆட்டிஸம். முதலாவதன் கிரேக்க மூலத்துக்கு மனம் பிளத்தல் என்று பொருள். இரண்டாவதன் மூலம் 'ஆட்டோஸ்', அதாவது தான். ஃப்ராய்டின் வட்டத்தில் புழங்கிய 'ஆட்டோ எராடிஸம்' என்ற சொல்லிலிருந்து காமத்தை உருவிப் போட்டுவிட்டு மிச்சத்தை ப்ளாய்லர் வைத்துக்கொண்டார். ஃப்ராய்டோடு அவருக்கு இருந்த தகராறு இப்படி ஒரு சொல்லின் நடுவில் விழுந்த ஓட்டையாக இன்றும் நிற்கிறது.

ப்ளாய்லரைப் பொறுத்தவரை இவை இரண்டு நோய்கள் அல்ல. வெளியுலகை விட்டுத் தனக்குள் ஒடுங்கிக்கொள்வதான ஆட்டிஸம், பிளவுண்ட மனத்தின் லட்சணங்களில் ஒன்று, அவ்வளவுதான். பல துண்டுகளானதும் தன்னுள் ஒடுங்கியதும் ஒரே மனம் என்பதில் அவர் முரண்பாடு எதையும் காணவில்லை. பிற்பாடுதான் இவை பிரிந்தன. தமிழில் நாம் செய்துகொண்ட பெயர்களைப் பாருங்கள்: மனச்சிதைவு, மதியிறுக்கம். ஒன்று சிதைகிறது, மற்றது இறுகுகிறது. சிதைவதும் இறுகுவதும் ஓர் உடம்பில் சேர்ந்து நடக்க முடியாது என்று அந்தச் சொற்களே தீர்ப்பெழுதிவிட்ட மாதிரி இருக்கிறது. ஆட்டிஸம் என்றால் 'தான்' மிகையாக மூடிக்கொண்டது, அல்லது 'தான்' என்பதே இல்லாதது. பல ஆளுமை என்றால் ஒரு உடம்பில் 'தான்' தேவைக்கு மேல் இருப்பது. இந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் ஒரே ஆள் மீது சுமத்த முடியுமா? முடியும் என்று, அந்த உடம்புகளில் வாழ்பவர்களே எழுத ஆரம்பித்தபோது தெரியவந்தது. அதற்கு முந்தைய எண்பது வருஷக் கதை பெரும்பாலும் கணக்கெடுத்தவர்களின் கதை.

கணக்கெடுப்பு ப்ளாய்லருக்கு முன்பே தொடங்கிவிட்டது. போர்தோ நகரத்து மருத்துவர் அஸாம், ஃபெலிடா என்ற பெண்ணைப் பற்றி 1876இல் எழுதினார். சோர்ந்து, வாய்மூடிக் கிடக்கும் ஒரு நிலை. கலகலப்பான இன்னொரு நிலை. கலகலப்பானவளுக்கு இரண்டு வாழ்க்கையும் நினைவிருக்கும். சோர்ந்தவளுக்குத் தன்னுடையது மட்டும். வயது ஏற ஏற, கலகலப்பான நிலையே அவள் நாட்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஆனாலும் மருத்துவரின் கணக்கில் அது கடைசிவரை 'இரண்டாம் நிலை'தான். 1885இல் லூயி விவே என்ற இளைஞனிடம் இரண்டுக்கு மேற்பட்ட நிலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவனை ஆராய்ந்த பூரு, பூரோ என்ற இரு மருத்துவர்கள், உலோகத் துண்டுகளையும் காந்தத்தையும் அவன் உடம்பில் வைத்து ஒவ்வொரு நிலையாக வரவழைத்தார்கள். எத்தனை உலோகம், எத்தனை நான் என்று கேலி செய்யத் தோன்றுகிறது. ஆனால் அடுத்த நூறு வருஷத்தில் உலோகத்தின் இடத்துக்கு ஹிப்னாஸிஸும் ஊசிமருந்தும் வந்தன என்பதைத் தவிரப் பெரிய மாறுதல் இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு தார்மீகப் பிரச்னை இருக்கிறது என்பது பாஸ்டன் நகரத்து மார்ட்டன் ப்ரின்ஸின் புத்தகத்தில் (1906) அப்பட்டமாகத் தெரிகிறது. 'மிஸ் பீச்சம்' என்று அவர் பெயரிட்ட பெண்ணின் உடம்பில் பலர். அவர்களில் ஸாலி என்பவள் குறும்புக்காரி. மற்றவர்கள் செய்வது அவளுக்குத் தெரியும். அவர்களைச் சீண்டி வேடிக்கை பார்ப்பாள். ப்ரின்ஸ் தன் வேலையை எப்படி வகுத்துக்கொண்டார் என்றால், இவர்களில் 'உண்மையான' மிஸ் பீச்சம் யார் என்று கண்டுபிடிப்பது, மற்றவர்களைப் போகச் செய்வது. ஸாலி தன் சுயசரிதையையே எழுதிக் கொடுத்தாள். அவர் அதைத் தன் புத்தகத்தில் அச்சிட்டார். அச்சிட்டபின் அவளைக் கரைத்தார். எழுதத் தெரிந்த, வாதாடத் தெரிந்த, போக மாட்டேன் என்ற ஒருத்தியை எந்த அளவுகோலால் 'உண்மையற்றவள்' என்று நிர்ணயித்தார்? பாஸ்டன் சமூகம் ஒரு நல்ல பெண்ணுக்கு வைத்திருந்த அளவுகோலைத் தவிர வேறு எதையும் அந்தப் புத்தகத்தில் நான் காணவில்லை.

பிறகு ப்ளாய்லரின் சொல் எல்லாவற்றையும் விழுங்கியது. ஸ்கிஸோஃப்ரீனியா என்ற பெயர் அமெரிக்க மருத்துவத்தில் பரவிய அதே வருஷங்களில் பல ஆளுமை என்ற கண்டறிதல் அருகிப்போனதை 1980இல் மில்டன் ரோஸன்பாம் என்ற மருத்துவர் ஒரு கட்டுரையில் சுட்டினார். மனம் பிளத்தல் என்று ஒரு சொல் கைவசம் இருக்கும்போது, தனக்குள் பலர் என்று சொல்பவரை அதற்குள் தள்ளிவிடுவது சுலபம். ஹிப்னாஸிஸ் மதிப்பிழந்ததும் இன்னொரு காரணம். 1944இல் டெய்லரும் மார்ட்டினும் பழைய மருத்துவ ஏடுகளையெல்லாம் சலித்து மொத்தம் 76 பல ஆளுமைக்காரர்களைத்தான் எண்ண முடிந்தது.

அதற்கு முந்தின வருஷம், 1943இல், பால்டிமோரில் லியோ கான்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். (1925இலேயே மாஸ்கோவில் க்ரூன்யா ஸுகாரெவா ஆறு சிறுவர்களைப் பற்றி இதேபோல் எழுதியிருந்தார், ஒரு பெண், ஒரு சோவியத் மருத்துவமனை, ஆகவே மேற்கு அவரைக் கவனிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.) கான்னர், ப்ளாய்லரின் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டே ஒரு வித்தியாசத்தையும் வற்புறுத்தினார். ஸ்கிஸோஃப்ரீனியாவில் ஆள் உலகிலிருந்து விலகிப்போகிறான். இந்தக் குழந்தைகளோ ஆரம்பம் முதலே அப்படி இருந்தவர்கள், விலகிப்போவதற்கு முன்பு அவர்கள் உள்ளே வந்திருக்கவே இல்லை. நுட்பமான அவதானம். ஆனால் கடன் வாங்கிய சொல் பழைய முதலாளியின் வீட்டைச் சுலபத்தில் விடவில்லை. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1968இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில்கூட ஆட்டிஸத்துக்குத் தனி இடம் இல்லை. குழந்தைப் பருவ ஸ்கிஸோஃப்ரீனியாவின் ஒரு வெளிப்பாடாகத்தான் அந்தச் சொல் வருகிறது.

கான்னரின் முதல் குழந்தை மிஸிஸிப்பியைச் சேர்ந்த டொனால்ட். பிற்பாடு தன் ஊரிலேயே வங்கி ஊழியராக வேலை பார்த்து, கோல்ஃப் விளையாடி, நெடுநாள் வாழ்ந்து 2023இல் இறந்தவர். சிறுவனாக இருந்தபோது தனக்குக் குளிக்க வேண்டுமென்றால், உனக்குக் குளிக்க வேண்டுமா என்று கேட்பானாம். தன்னை 'நீ' என்பான், எதிரில் இருப்பவரை 'நான்' என்பான். கேட்ட வாக்கியத்தைக் கேட்ட மாதிரியே, சுரம்கூட மாறாமல் திருப்பிச் சொல்கிறான், ஆகவே பிரதிப்பெயர் இடம் மாறுகிறது என்றுதான் கான்னர் விளக்கினார். ஆனால் இந்த 'நான்' விவகாரம் அடுத்த கால் நூற்றாண்டில் பெரிய தத்துவமாக வீங்கிவிட்டது. சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே 'வெறுமையான கோட்டை' என்று பொருள்படுவது. உள்ளே யாரும் இல்லாத கோட்டை. அக்குழந்தை 'நான்' என்று சொல்லாமல் இருப்பது தன் இருத்தலையே மறுப்பது என்றார் அவர்.

1974இல் லாரன்ஸ் பார்ட்டாக்கும் மைக்கேல் ரட்டரும் செய்த காரியம் இந்த வீக்கத்தை ஓர் ஊசியால் குத்தியது. வாக்கியத்தில் 'நான்' என்பதும் 'நீ' என்பதும் வரும் இடங்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, அந்தக் குழந்தைகளைத் திருப்பிச் சொல்லச் செய்தார்கள். 'நான்' கடைசியில் வந்தால் அதைத் தாராளமாகத் திருப்பிச் சொன்னார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொற்களை எதிரொலிப்பதுதான் விஷயம். 'நான்' என்பதன் மீது அவர்களுக்கு விசேஷமான பயம் எதுவும் இல்லை.

தமிழில் யோசித்திருந்தால் இந்த ஊசிக்குக்கூட அவசியம் இருந்திருக்காதோ என்று படுகிறது. நமக்கு 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு வலிக்கிறது'. இலக்கணப்படி பசிப்பது நான் அல்ல. பசி எனக்கு நிகழ்கிறது. வினை என்னோடு இயைவதே இல்லை. 'பசிக்குதா?' என்று அம்மா கேட்டதைக் குழந்தை 'பசிக்குதா' என்றே திருப்பிச் சொன்னால், அங்கே இடம் மாறுவதற்குப் பிரதிப்பெயரே கிடையாது. இதனால் தமிழனுக்கு அகங்காரம் கம்மி என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஐரோப்பிய வாக்கியத்தின் முதல் சொல்லாக நிமிர்ந்து நிற்கும் எழுவாயைக் கண்டு, அதுதான் மனிதப் பிரக்ஞையின் அஸ்திவாரம் என்று ஒருவர் மயங்கியதற்குக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள் என்பதே நான் சொல்ல வருவது.

குழந்தைகள் மட்டுமல்ல, தாய்மார்களும். இரண்டு கண்டறிதல்களுக்கும் இடையே நான் காணும் மிகப் பழைய உறவு நோயாளிகளில் இல்லை, குற்றவாளிக் கூண்டில் இருக்கிறது. அந்தக் கூண்டில் நின்றது இரண்டு முறையும் அம்மாதான். பனி உருகாத குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டவர்கள் போல இக்குழந்தைகள் இருந்தார்கள் என்று கான்னர் 1949இல் எழுதிய உவமை, 'குளிர்சாதனத் தாய்' என்ற வசையாக மாறி வீடுவீடாகப் போயிற்று. பெட்டல்ஹைம் அதற்குத் தத்துவ அந்தஸ்து கொடுத்தார். ஆட்டிஸக் குழந்தை ஒன்றின் தகப்பனும் மனவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை, நரம்பு சம்பந்தமான விஷயம் என்று 1964இலேயே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பெட்டல்ஹைம் அசரவில்லை. மறுபக்கம், 1973இல் ஃப்ளோரா ரீட்டா ஷ்ரைபரின் 'ஸிபில்' வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. ஒரு பெண்ணுக்குள் 16 பேர். காரணம், சித்திரவதை செய்த தாய். அந்தப் பெண்ணே 1958இல் தன் மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பலரும் பாசாங்கு என்று சொல்லியிருந்ததும், மருத்துவர் அதைச் சிகிச்சைக்குக் காட்டும் எதிர்ப்பு என்று தள்ளிவிட்டதும் வெகுகாலம் கழித்து வெளியே வந்தது. பலராக இருக்கிறேன் என்றால் நம்புவார்கள், இல்லை என்றால் நம்பமாட்டார்கள். ப்ரின்ஸின் காலத்துக்கு இது நேர் தலைகீழ். ஆனால் தீர்ப்புச் சொல்பவர் நாற்காலி அதே இடத்தில்தான் கிடக்கிறது.

1980இல் அந்தச் சங்கத்தின் பட்டியல் மூன்றாம் பதிப்பாகத் திருத்தி எழுதப்பட்டது. அதில் ஆட்டிஸம் ஸ்கிஸோஃப்ரீனியாவிலிருந்து வெட்டப்பட்டு, வளர்ச்சி சம்பந்தமான ஒரு தனி வகுப்புக்குப் போனது. ஹிஸ்டீரியாவின் கிளையாகக் கிடந்த பல ஆளுமையும் அதே புத்தகத்தில் தனிப் பெயர் பெற்று, பிரக்ஞை துண்டுபடும் நோய்களின் வகுப்புக்குப் போனது. ஒரே புத்தகத்தில், ஒரே வருஷத்தில், இரண்டு வாசல்கள் வழியாக இரண்டும் வெளியேறின. ஆட்டிஸம் குழந்தை மருத்துவரிடமும் நரம்பியலாரிடமும் போயிற்று. பல ஆளுமை, அதிர்ச்சியையும் நினைவையும் பற்றிப் பேசும் உளச்சிகிச்சையாளரிடம் போயிற்று. ஒருவர் எழுதும் பத்திரிகையை மற்றவர் படிக்கத் தேவையில்லாமல் போனது. இன்று நாம் இயற்கையின் எல்லைக்கோடு என்று நினைத்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு இந்த அலுவலகப் பாகப்பிரிவினை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாகப்பிரிவினைக்குப்பின் ஆட்டிஸத் தரப்பில் 'தான்' மேலும் மெலிந்தது. 1985இல் லண்டனில் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் மூவரும் இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பொம்மை தன் கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறது, இன்னொன்று அதை எடுத்துத் தன் பெட்டியில் ஒளித்து வைக்கிறது. திரும்பி வந்தவள் எங்கே தேடுவாள்? ஆட்டிஸக் குழந்தைகள் 20 பேரில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். பிறர் மனம் என்று ஒன்று உண்டு என்பதே இவர்களுக்கு எட்டவில்லை என்று முடிவு கட்டப்பட்டது. தன் மனமாவது எட்டுகிறதா என்ற கேள்வியும் பின்னாலேயே வந்தது. வெளியே போய்த் திரும்பி வரும் பொம்மையின் பெயர் ஸாலி. ப்ரின்ஸின் ஸாலியோடு இதற்குச் சம்பந்தமில்லை, தற்செயல்தான். இருந்தாலும் இரண்டு ஸாலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஆஸ்திரேலியப் பெண் டோனா வில்லியம்ஸ் 1992இல் தன் சுயசரிதையை வெளியிட்டார். யாருமில்லை, எங்குமில்லை என்பதாகத் தலைப்பு. 1963இல் மெல்போர்னில் பிறந்தவர், வன்முறை மலிந்த வீட்டில் வளர்ந்தவர். வளர்ந்தபிறகுதான் தனக்கு ஆட்டிஸம் என்று தெரிந்துகொண்டார். அந்தப் புத்தகத்தில் அவரைத் தவிர இரண்டு பேர் வாழ்கிறார்கள். வில்லி சிறு வயதிலேயே வந்துவிட்டவன். இருட்டில் படுக்கைக்கடியில் இருந்து பார்த்த பச்சைக் கண்களாகத் தொடங்கியவன். கோபக்காரன், தகவல்களைச் சேகரிப்பவன், யாரையும் முறைத்து நிற்பவன், காவலாளி. கேரல் வேறு மாதிரி. பூங்காவில் ஒருநாள் சந்தித்த ஒரு நிஜமான சிறுமி அவள். பிறகு டோனா அவளைக் கண்ணாடியில் தேடித் தேடி, கடைசியில் தானே அவளாகிவிடுகிறார். கேரல் சிரிப்பாள், பேசுவாள், ஆடுவாள், எல்லோருக்கும் பிடித்தவள். வீதிக்குப் போனது கேரல், சண்டைக்குப் போனது வில்லி; டோனா உள்ளே எங்கோ இருந்தார்.

புத்தகத்தின் சிறப்பு இதை அவர் ரகசியமாகவோ அதிசயமாகவோ எழுதவில்லை என்பது. மேஜை நாற்காலியைப் பற்றி எழுதுவது போல எழுதுகிறார். கோட்டை காலி என்று சொல்லிவிட்டுப் போன பெட்டல்ஹைமுக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்க முடியாது.

ஆனால் படித்தவர்கள் உடனே கேட்டது என்ன? வில்லியும் கேரலும் நிஜமான ஆட்களா, முகமூடிகளா? ஆட்டிஸம் உள்ள பலர் பிறரின் பேச்சையும் பாவனையையும் பார்த்துப் பயின்று, தங்களை மறைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள் என்பது இன்று நிறையப் பேசப்படுகிறது. 2017க்குப் பிறகு அதை ஆராயும் கட்டுரைகள் குவிந்துவிட்டன. அந்த வழியில் கேரலை முகமூடி என்று எளிதில் சொல்லிவிடலாம். வில்லியைச் சொல்ல முடியாது. யாருக்குக் காட்ட அந்த முகமூடி? இருட்டில், தனியாக, படுக்கைக்கடியில்? மறுபக்கம், அடிபட்ட குழந்தைக்குள் உண்டான பிளவு என்று வில்லியை எடுத்துக்கொண்டால் கேரல் மிஞ்சுகிறாள். அவளை உண்டாக்கியது அடி அல்ல, பூங்காவில் ஒருத்தி காட்டிய அன்பு. ஒரே புத்தகத்தின் இரண்டு பாத்திரங்கள் இரண்டு வகுப்புகளுக்குள்ளும் அடங்காமல் நிற்கிறார்கள். எந்த இழுப்பறையில் போடுவது என்ற தவிப்பு 1980ஆம் வருஷத்துப் பிரிவினையின் தவிப்பு. எது உண்மையான ஆள் என்ற கேள்வியோ அதைவிடப் பழையது, மார்ட்டன் ப்ரின்ஸுடையது.

1992 இந்தக் கேள்விக்கு மிக மோசமான வருஷம். அதே வருஷத்தில் அமெரிக்காவில், சிகிச்சையில் 'மீட்கப்பட்ட' நினைவுகளால் தாங்கள் அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டதாகச் சொன்ன பெற்றோர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பல ஆளுமை நீதிமன்றப் பொருளாகிவிட்டது. 1994இல் பட்டியலில் அதன் பெயரையே மாற்றினார்கள். புதுப் பெயரில் பலர் என்பது போய், அடையாளம் துண்டுபட்ட ஒருவர் என்பது வந்தது. இந்தச் சந்தடியில் ஆட்டிஸத்தைப் பற்றி அக்கறையோடு எழுதிய யாரும் பக்கத்து வீட்டுச் சண்டையில் தலையிட விரும்பவில்லை என்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

இரண்டு வீட்டுக்கும் போய்வந்தவர் என்று நான் அறிந்தவர் கனடாவின் தத்துவவாதி இயன் ஹாக்கிங் (1936–2023). பல ஆளுமையின் சரித்திரத்தை 1995இல் புத்தகமாக எழுதியவர், 2009இல் ஆட்டிஸ சுயசரிதைகளைப் பற்றியும் எழுதினார். பெயர் வைக்கப்பட்ட மனிதர்கள் அந்தப் பெயரைக் கேட்டு மாறுகிறார்கள், மாறியவர்களைப் பார்த்துப் பெயரின் அர்த்தம் மாறுகிறது. கல்லுக்கும் குவார்க்குக்கும் இந்தத் தொந்தரவு இல்லை என்பது அவர் வாதம். ஆட்டிஸ சுயசரிதைகள் ஏற்கெனவே இருந்த ஓர் உள்வாழ்வை விவரிப்பதோடு, அதை விவரிப்பதற்கான பாஷையையே உண்டாக்குகின்றன என்றும் அவர் பார்த்தார். ஏற்றுக்கொள்கிறேன், ஒரு தயக்கத்தோடு. பெயர் கேட்டு மாறுகிறவர்கள் என்று சொல்லும்போது பெயரைக் கேட்பதற்கு முன்பே இருந்த வில்லிக்கு என்ன இடம்? குழந்தை டோனாவுக்கு எந்தப் பட்டியலும் தெரியாது.

தீத்தோ ராஜர்ஷி முகோபாத்யாயவுக்கும் தெரியாது. மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்த, அநேகமாகப் பேச்சே இல்லாத சிறுவன். அவன் எழுதியவை 2000இல் லண்டனில் புத்தகமாயின. அவனுடைய அம்மா அவனுக்குக் கையாண்ட கற்பிக்கும் முறையை மற்ற குழந்தைகளிடம் பிரயோகிப்பது பற்றிக் கடுமையான ஆட்சேபங்கள் உண்டு. தீத்தோ தன் கையால் எழுதக் கற்றவன் என்பதால் அவனை அந்தத் தகராறில் இழுக்காமல் விடுகிறேன். தனக்குள் இரண்டு பேர் என்கிறான் அவன். ஒருவன் யோசிப்பவன், கற்றதும் உணர்வதும் அவனிடம். இன்னொருவன் செய்பவன், கையை உதறுபவன், சுழல்பவன், விசித்திரமானவன். முதலாமவனால் இரண்டாமவனைத் தடுக்க முடிவதில்லை, பார்க்கத்தான் முடிகிறது. டோனாவுக்கு வந்தவர்கள் வெளியுலகத்துக்காக வந்தவர்கள் என்றால், தீத்தோவின் பிளவு அவனுக்கும் அவன் கைகால்களுக்கும் நடுவில். இதைப் பல ஆளுமை என்று எந்த மருத்துவரும் பதியமாட்டார், பதியவும் வேண்டாம். ஆனால் 'தான்' இல்லாதவர்கள் என்று வர்ணிக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வரும் ஒவ்வொரு சாட்சியும் ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணைச் சொல்வதைக் கவனிக்காமலும் இருக்க முடியாது. ஆட்டிஸம் உள்ளவர் எல்லோரும் பலராக வாழ்கிறார்கள் என்பது என் கட்சி அல்ல. பெரும்பாலோர் அப்படி இல்லை. வாழ்கிறேன் என்று ஒருவர் சொன்னால், இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டி அவரைத் திருப்பி அனுப்பின என்பதுதான் சரித்திரம்.

2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டும் இன்னும் தனித்தனி அத்தியாயங்களில்தான் இருக்கின்றன. அடையாளம் துண்டுபடுவதற்கான வரையறையில் ஒரு புது வரி சேர்ந்திருக்கிறது: சில கலாசாரங்களில் இதை ஆவி அல்லது தெய்வம் பிடித்ததாகச் சொல்வார்கள் என்று. கூடவே ஒரு விலக்கும்: ஏற்றுக்கொள்ளப்பட்ட மத, கலாசார வழக்கமாக இருந்தால் அது நோய் அல்ல. ஆக, நம்மூர்ச் சாமியாடி தப்பித்தார். அவருக்கு நாள் உண்டு, உடுக்கு உண்டு, வந்தது யார் என்று கேட்க எதிரே ஆள் உண்டு. டோனாவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை, கண்ணாடிதான் இருந்தது.

இப்போது இந்த இரண்டு பெயர்களையும் ஏற்பவர்கள், அல்லது இரண்டாவதை நோய்ப் பெயராக ஏற்க மறுத்து நாங்கள் பலர், அவ்வளவுதான் என்பவர்கள், ஆங்கிலத்தில் நிறைய எழுதுகிறார்கள். தங்களை ஒருமையில் சொல்லிக்கொள்ளாமல் 'வீ' என்றே எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது சாதாரணமாகப் போய்விடும். தமிழாக்க உட்காருபவர் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிடுவார். 'நாம்' என்று போட்டால் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டதாகும், அல்லது மடாதிபதி பேசுவது போலிருக்கும். 'நாங்கள்' என்று போட்டால் மருத்துவர், வாசகர், மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் வெளியே நிற்க வேண்டும்.